சொட்டு மருந்தா, ஒத்தடமா, பெங்களூரு மெஷினா? கண் காய்கிறவர்கள் எதை முதலில் செய்வது

கிருஷ்ணகிரியில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். டாக்டர் அறைக்குள் அனுப்புவதற்கு முன்னால் பவர் பார்ப்பது, அழுத்தம் பார்ப்பது, சாயம் வைத்துக் கண்ணீரைச் சோதிப்பது எல்லாம் என் வேலை. "சார், கண்ணு காஞ்சு போறதுக்கு எந்த டிராப்ஸ் நல்லது?" என்று யாராவது கேட்காத நாளே இல்லை. ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிற பையன்கள் கேட்கிறார்கள். கிரானைட் பட்டறைக்காரர்கள் கேட்கிறார்கள். ஐம்பது தாண்டிய அம்மாக்கள், கண்புரை ஆபரேஷன் முடிந்த தாத்தாக்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுதான். ஆனால் இந்த நாலு பேருக்கும் கண் காய்கிற காரணம் வேறு வேறு. அதனால் அவர்களுக்கு உதவுகிற மருந்தும் வேறு.

வழிகளுக்குப் பஞ்சமில்லை. வெந்நீர்த் துணி ஒத்தடம், செயற்கைக் கண்ணீர் சொட்டுகள், அழற்சியைக் குறைக்கிற மருந்து, கண்ணீர் வடிகிற துளையை அடைக்கும் ப்ளக், பெரிய ஊர்களில் மெஷின் வைத்துச் செய்கிற சிகிச்சை, ஒமேகா 3 மாத்திரை, போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பன்னீர். காசில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது, பல ஆயிரம் பிடிப்பதும் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையிலிருக்கிற முதல் காசை மருந்துக்குப் போடாதீர்கள், பரிசோதனைக்குப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்ற வழிகளில் எது நமக்கு, எது நமக்கில்லை என்று பிரிக்கவே முடியும்.

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கருவிழியை ஒட்டி வழுவழுப்பான சளிப்பொருள், அதோடு கலந்து உப்புநீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். உப்புநீரை முக்கியமாகத் தருவது மேல் இமைக்குள்ளே வெளி ஓரமாக இருக்கிற கண்ணீர்ச் சுரப்பி. எண்ணெயைத் தருவது இமை விளிம்பில் வரிசையாக இருக்கிற சின்னச் சின்ன சுரப்பிகள். மேல் இமையில் 30 முதல் 40 வரை இருக்கும், கீழ் இமையில் 20 முதல் 30 வரை. 1666-ல் இவற்றை விவரித்த ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மன் மருத்துவர் பெயரால் மெய்போமியன் சுரப்பிகள் என்கிறோம்.

கண் காய்வதை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒன்று, தண்ணீர் ஊறுவதே குறைவு. இன்னொன்று, தண்ணீர் ஊறுகிறது, ஆனால் மேலே எண்ணெய் மூடி சரியில்லாததால் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. உலகம் முழுக்க இந்த இரண்டாவது வகைதான் அதிகம். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. சொட்டு மருந்து பாட்டிலைக் கையில் எடுக்கிற பெரும்பாலானவர்கள் தனக்கு முதல் வகை என்று நினைத்துத்தான் எடுக்கிறார்கள். தண்ணீர் இல்லை, ஊற்றினால் சரியாகிவிடும் என்கிற கணக்கு.

காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க சார், தண்ணி தாரை தாரையா ஊத்துது, நீங்க காஞ்சு போச்சுங்கறீங்களே" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கருவிழியின் மேற்பரப்பு காய்ந்து எரிச்சல் வந்தால், மூளை கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு போட்டு ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டவைக்கும். அந்தத் தண்ணீருக்கு எண்ணெய் மூடி கிடையாது, கண்ணில் நிற்காது, கன்னத்தில்தான் வழியும். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலோ, வண்டியில் கண்ணாடி போடாமல் போனாலோ கூடுதலாகக் கொட்டும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கண்ணீர் வடிகிற பாதை அடைத்துக்கொண்டாலும் இதே மாதிரி வழியும். மூக்கு ஓரம் உள்மூலையை அழுத்தினால் சீழோ சளியோ வந்தால் அது வேறு விவகாரம். அதற்கு டிராப்ஸும் ஒத்தடமும் தீர்வாகாது.

சரி, எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து நிமிடத்து வேலைதான். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த ஒரு சின்னக் காகிதத் துண்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, கீழ் இமையின் உட்பக்கத்தில் லேசாகத் தொடுவோம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்லிட் லேம்ப் கருவியில் நீல வெளிச்சம் போட்டால் கண் முழுக்கப் பச்சையாக மினுங்கும். "கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு எண்ண ஆரம்பிப்பேன். அந்தப் பச்சைப் படலத்தில் எங்காவது ஒரு கறுப்புப் புள்ளி தோன்றிப் பரவினால், அந்த இடத்தில் கண்ணீர் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். 10 விநாடிக்கு மேல் தாங்கினால் நல்லது. 5 விநாடிக்குள்ளேயே கிழிந்தால் சந்தேகமே வேண்டாம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சில பேருக்கு நான் "இரண்டு" என்று சொல்வதற்குள் கிழிந்துவிடும்.

அடுத்து டாக்டர் செய்வது கீழ் இமை விளிம்பை விரலால் மெதுவாக அழுத்திப் பார்ப்பது. ஆரோக்கியமான சுரப்பி என்றால் துளை வாயில் தெளிவான எண்ணெய் ஒரு துளி எட்டிப் பார்க்கும். அடைத்துப்போன சுரப்பி என்றால் வெள்ளையாக, கெட்டியாக, நூல் மாதிரி நெளிந்து வரும். முற்றிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் வராது. இதைப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், விரலும் பூதக்கண்ணாடி வெளிச்சமும் போதும். எல்லா இடத்திலும் இதைச் செய்கிறார்களா என்றால், இல்லை. கூட்டம் அதிகமான இடங்களில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். "இமையை அழுத்திப் பார்த்தீங்களா?" என்று நீங்களே கேட்கலாம், ஒன்றும் தப்பில்லை.

தண்ணீர் ஊறுவது குறைவா என்று பார்க்க ஷிர்மர் சோதனை. 1903-ல் ஓட்டோ ஷிர்மர் விவரித்தது, இன்றைக்கும் அதேதான். வடிதாள் பட்டையின் முனையை மடித்துக் கீழ் இமையில் மாட்டி 5 நிமிடம் விடுவோம். 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக நனைந்தால் கவனிக்க வேண்டும். 5-ஐத் தாண்டாவிட்டால் தண்ணீர் உண்மையாகவே குறைவு. கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான்.

இனி வழிகளுக்கு வரலாம்.

ஒத்தடத்திலிருந்து தொடங்குகிறேன். இதற்குத்தான் மரியாதையே இல்லை, ஆனால் இமைச் சுரப்பி அடைத்தவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடக் காசுக்கு மதிப்பான வழி கிடையாது. மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்து கிடக்கும், வெயிலில் வைத்தால்தான் இளகும். இமைக்குள் இருக்கிற எண்ணெயும் அதே குணம்தான். கெட்டிப்பட்டதை இளக்க இமையின் உட்பக்கம் வரை சூடு போக வேண்டும். ஒத்தடத்தின் சூடு 40 டிகிரி செல்சியஸ் அளவில், தொடர்ந்து 10 நிமிடம் இருக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், வெந்நீரில் பிழிந்த கர்ச்சீப் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு "பலனில்லை" என்று வருபவர்கள்தான் அதிகம்.

பிளாஸ்கில் வெந்நீர், இரண்டு சின்ன டவல். ஒன்று கண்ணில் இருக்கும்போதே இன்னொன்றை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆறினதும் மாற்றுங்கள். முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சுட்டால் இமையிலும் சுடும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அவர்களுக்கு வீட்டில் வேறு யாராவது சூடு பார்த்துக் கொடுப்பது நல்லது. மைக்ரோவேவில் சூடாக்குகிற ஜெல் மாஸ்க் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. சூடு நீண்ட நேரம் நிற்கும், சோம்பேறிகளுக்கு அதுதான் சரி. ஒத்தடம் முடிந்த உடனே, சூடு இருக்கும்போதே, சுத்தமான விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் லேசாக நீவ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இமையை மட்டும் நீவுங்கள். கண் உருண்டையை அழுத்திக் கசக்கக் கூடாது, கசக்குகிற பழக்கம் கருவிழியின் வடிவத்தையே கெடுக்கும். அப்புறம் இமை மயிர் ஓரத்தைச் சுத்தமான ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். இமை மயிரின் அடியில் பொடுகு மாதிரி ஒட்டியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டெமோடெக்ஸ் என்கிற நுண்ணிய பூச்சி காரணமாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து.

முதல் மாதம் தினமும் இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும். நிறுத்தினால் மறுபடி அடைக்கும். ஒத்தடத்தின் ஒரே குறை அதுதான்: காசு கேட்காது, பொறுமை கேட்கும். சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆனவர்கள், கண்ணில் தொற்று இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கண் சிமிட்டுவதையும் இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டுகிறோம். ஸ்கிரீனைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சிமிட்டுகிற கொஞ்சமும் அரைகுறைச் சிமிட்டல்தான், மேல் இமை கீழ் இமையைத் தொடுவதே இல்லை. முழுசாகச் சிமிட்டினால்தான் சுரப்பிகள் பிழிபட்டு எண்ணெய் வெளியே வரும். ஓசூரில் லென்ஸ் வைத்துச் சின்ன பாகங்களைச் சரிபார்க்கிற பிரிவில் இருப்பவர்களுக்கும், விடிய விடிய மொபைலில் கேம் ஆடுகிறவர்களுக்கும் இதே கதைதான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தூரத்தைப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கூடவே, அந்த நேரத்தில் கண்ணை இறுக்காமல் முழுசாக மூடித் திறந்து ஒரு பத்து முறை செய்யச் சொல்வேன். ஸ்கிரீனைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் கண் திறப்பு குறையும், காய்வதும் குறையும்.

எப்போது உறுத்துகிறது என்பதே பாதி விடை. சாயங்காலம் ஆக ஆக எரிந்தால் ஸ்கிரீன், காற்று, ஆவியாதல் பக்கம் பாருங்கள். காலையில் எழுந்ததும் கண்ணைத் திறக்கவே முடியாமல் கரகரத்தால் இமை வீக்கம் இருக்கலாம், அல்லது தூங்கும்போது இமை முழுசாக மூடாமல் இருக்கலாம். ஃபேன் நேராக முகத்தில் அடிக்கும்படி படுக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை! வீட்டில் இருப்பவர்களைத் தூங்கும்போது டார்ச் இல்லாமல் பக்கத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். இமைக்கு நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. கட்டிலை நகர்த்துவதும், ராத்திரி போடுகிற கண் களிம்பும் அங்கே பகல் டிராப்ஸைவிட அதிகம் வேலை செய்யும். அரிப்புதான் பெரிய தொல்லை என்றால் அது பெரும்பாலும் அலர்ஜி, கண் காய்தல் பிறகுதான்.

இனி எல்லாரும் முதலில் கேட்கிற சொட்டு மருந்து. செயற்கைக் கண்ணீர் என்பது நோயைத் தீர்க்கிற மருந்து இல்லை, மேற்பரப்பை நனைத்து வைக்கிற பொருள். அதைத் தெரிந்துகொண்டு போட்டால் நல்ல துணை. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்று லேபிளில் இருப்பதுதான் நம் மெடிக்கல்களில் அதிகம் கிடைப்பது. மக்கள் மருந்தகங்களிலும் இந்த மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. 1 சதவீதம் என்றால் கொஞ்சம் கெட்டி, நீண்ட நேரம் நிற்கும், ஆனால் சில நிமிடம் பார்வை மங்கும். சோடியம் ஹயலுரோனேட் இருப்பது விலை கூடுதல், தண்ணீரைப் பிடித்து வைக்கிற தன்மையும் கூடுதல். ஜெல்லும் களிம்பும் ராத்திரிக்கு. எண்ணெய் மூடி சரியில்லாதவர்களுக்காக எண்ணெய்ச் சத்து சேர்த்த சொட்டுகளும் வந்திருக்கின்றன. இவற்றுக்குள் ஒன்றைவிட ஒன்று ரொம்ப உசத்தி என்று சொல்கிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. போட்டால் எரியாமல், பத்து நிமிடத்துக்கு மேல் இதமாக இருப்பது எதுவோ அது உங்களுக்கு நல்லது.

வித்தியாசம் இருப்பது வேறு இடத்தில். பாட்டில் கெடாமல் இருக்கப் போடுகிற பதனப் பொருள். பென்சால்கோனியம் குளோரைடு என்று லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும். கிருமியைக் கொல்கிற அதே பொருள் கருவிழி மேற்பரப்பையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போடுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. நாலு முறைக்கு மேல் மாதக்கணக்கில் போட வேண்டியவர்கள் பதனப் பொருள் இல்லாததுக்கு மாறிவிட வேண்டும். ஒரு முறைக்கான சின்னப் பிளாஸ்டிக் குப்பியாக வரும், அல்லது தனி அமைப்புள்ள பாட்டிலாக வரும். விலை கூடுதல்தான். ஏற்கெனவே கண் அழுத்தத்துக்கு டிராப்ஸ் போடுகிறவர்கள் இதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். அந்த மருந்துகள் பலவற்றிலும் இதே பதனப் பொருள் இருப்பதால் இரண்டும் சேர்ந்து கண்ணைக் காயவைக்கும். நான் பார்த்த வரைக்கும் யாரும் தானாக இதைச் சொல்வதில்லை.

கண் சிவப்பைப் போக்குகிறது என்று விற்கிற சொட்டுகளைத் தொடவே தொடாதீர்கள். ரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டும், விட்டதும் முன்பைவிடச் சிவக்கும். அதைவிட மோசம், யாருக்கோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு கலந்த டிராப்ஸை "எங்க மாமாவுக்கு நல்லா கேட்டுச்சு" என்று வாங்கிப் போடுவது. இரண்டு நாளில் கண் பளிச்சென்று இருக்கும், அதனால்தான் ஆபத்து. மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். கரும்புத் தோகையோ நெல் தாளோ பட்ட கண்ணில் பூஞ்சைத் தொற்று இருந்தால் ஸ்டீராய்டு அதற்கு உரம் போட்டதாகிவிடும். கண்ணையே இழக்கலாம்.

பன்னீர் விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஓசூர் ரோஜாவுக்குப் பேர் போன ஊர், அதனால் பன்னீர் நல்லது என்று ஒரு நம்பிக்கை. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, கிருமி நீக்கியதாக இருக்காது. விளக்கெண்ணெயும் அப்படியே. கண்ணுக்கென்று தயாரிக்கிற சில சொட்டுகளில் ஆமணக்கு எண்ணெய் உண்மையாகவே சேர்க்கிறார்கள், ஆனால் அது கிருமி நீக்கி, தண்ணீரில் நுண்துளியாகக் கலந்தது. அடுப்படி டப்பாவில் இருப்பது வேறு. தாய்ப்பாலும் தேனும் வேண்டவே வேண்டாம்.

ஒத்தடமும் செயற்கைக் கண்ணீரும் இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் சாயச் சோதனையில் கருவிழியில் பச்சைப் புள்ளிகள் (மேற்பரப்பு கெட்டுச் சாயம் ஒட்டிய இடங்கள்) நிற்கின்றன என்றால், அழற்சி உள்ளே புகுந்துவிட்டது. அப்போதுதான் சைக்ளோஸ்போரின் சொட்டு. 0.05 சதவீதம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. அமெரிக்காவில் 2002 முதல் இதற்கு அனுமதி உண்டு. போட்டதும் எரியும். பலன் தெரிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் கூட ஆகும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் பத்து நாளில் நிறுத்திவிட்டு வேறு டாக்டரைத் தேடிப் போவார்கள். முதல் சில வாரங்களுக்கு லேசான ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்து எரிச்சலைத் தாங்கவைப்பது டாக்டர்கள் செய்கிற ஒன்று. நாமாகச் செய்யக் கூடாத ஒன்றும் அதுதான். இமைச் சுரப்பி ரொம்ப வீங்கியிருந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை சில வாரங்கள் கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது கூடாது.

ப்ளக் என்பது மூக்கு ஓரத்தில் கண்ணீர் வடிகிற துளையில் வைக்கிற சின்ன அடைப்பான். வலி இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிடலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஷிர்மரில் 3, 4 மில்லிமீட்டர் நனைகிறவருக்கு இது பெரிய வரம். எண்ணெய்ப் பிரச்சினைக்காரருக்கு, அதுவும் இமை வீக்கத்தோடு, இதை வைத்தால் அழற்சியுள்ள கண்ணீரைக் கண்ணுக்குள்ளேயே தேக்கி வைத்ததாகும். "ப்ளக் வெச்சா சரியாயிடுமாம்ல" என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது பொருந்தாது.

பெங்களூரு மெஷின்கள்தான் இப்போது எல்லாரும் பேசுவது. ஒன்று, கண்ணைச் சுற்றித் தோலில் வெளிச்சத் துடிப்புகள் அடிப்பது, சில வார இடைவெளியில் மூன்று நான்கு தடவை. இன்னொன்று, இமையின் உட்பக்கத்திலிருந்து சூடாக்கி வெளியிலிருந்து பிழிந்துவிடுவது. இரண்டும் ஏமாற்று வேலை இல்லை, இமைச் சுரப்பி அடைத்த சிலருக்கு நன்றாகவே உதவுகின்றன. ஆனால் இரண்டும் குறிவைப்பது ஒத்தடம் குறிவைக்கிற அதே அடைப்பைத்தான், கூடுதல் பலத்தோடு. பலன் சில மாதம் முதல் ஒரு வருடம் வரை, பிறகு மறுபடி போக வேண்டும், வீட்டு ஒத்தடத்தையும் விட முடியாது. கறுப்புத் தோலில் வெளிச்ச சிகிச்சைக்குத் தோல் புண்ணாகிற அபாயம் கூடுதல், ரொம்பக் கறுப்பு என்றால் செய்யவே கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் நிறத்துக்கு இது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்துத் தோற்றவர், சுரப்பி இன்னும் சாகவில்லை என்று படம் எடுத்து உறுதி செய்தவர் போகலாம். மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல ஹெல்மெட் வாங்கி, வைசரை இறக்கிவிட்டு ஓட்டலாம்.

ஒமேகா 3 மாத்திரைக்கு ஒரு பத்தி போதும். அமெரிக்காவில் 535 பேரை வைத்து ஒரு வருடம் நடத்தி, 2018-ல் வெளியான ஆய்வில், தினம் 3000 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஓரளவு குணம் தெரிந்தது. கெடுதல் பெரிதாக இல்லை. என் காசு என்றால் வாங்க மாட்டேன்.

கண்ணுக்கு வெளியே இருக்கிற காரணங்களை விட்டுவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. தும்மலுக்குத் தினமும் செட்ரிசின் போடுகிறவர், தலைவலிக்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறவர், பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுக்கிற காலேஜ் பிள்ளை, இவர்களுக்கு மருந்தே கண்ணைக் காயவைக்கும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், ஆனால் கேட்டாக வேண்டும். சர்க்கரை நோயில் கருவிழி நரம்பு மந்தமாகி, சாயம் வைத்தால் கண் முழுக்கப் புள்ளியாக இருக்கும், ஆனால் ஆள் "ஒண்ணும் பண்ணலைங்க" என்பார். உறுத்தல் இல்லாத இந்தக் கண்தான் எனக்கு அதிக பயம் தருவது. தைராய்டில் கண் பிதுங்கி இமை மூடாமல் போகலாம்.

நடுவயதுப் பெண்கள் கண் காய்வதோடு வாயும் காய்கிறது, மூட்டும் வலிக்கிறது என்றால் ஷோகிரன் நோயைச் சந்தேகிக்க வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிற நோய், ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். புத்தகத்தில் "தண்ணீர் இல்லாமல் பிஸ்கட் சாப்பிட முடிகிறதா?" என்று கேட்கச் சொல்வார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் களி என்பார்கள், களியை யார் மெல்கிறார்கள்? குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான். அதனால் நான் பொரியைக் கேட்பேன். "பொரி தின்னா வாயில ஒட்டிக்குது தம்பி, தண்ணி பக்கத்துலயே வேணும்" என்று ஒரு அம்மா சொன்னால், சீட்டில் டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதிவிடுவேன். அவருக்கு ரத்தப் பரிசோதனையும் மூட்டு வாத மருத்துவரும் தேவை. பல்லையும் பார்க்கச் சொல்ல வேண்டும், உமிழ்நீர் குறைந்தால் சொத்தை வேகமாக வரும்.

குழந்தைக்குக் கண் காய்ந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்யாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பொழுது சாய்ந்ததும் தடுமாறுகிறதென்றால் வைட்டமின் ஏ குறைவைப் பார்க்க வேண்டும். 9 மாதம் முதல் 5 வயது வரை அரசு கொடுக்கிற வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிட்டீர்களா என்று அட்டையைப் பாருங்கள்.

எங்கே போவது என்பதும் ஒரு தேர்வுதான். சாயச் சோதனை, ஷிர்மர், இமை அழுத்திப் பார்ப்பது ஆகிய மூன்றுக்கும் உள்ளூர்க் கண் மருத்துவரே போதும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது, காத்திருக்க நேரம் இருந்தால் அங்கேயே பார்க்கலாம். ஊரில் நடக்கிற முகாம்கள் பெரும்பாலும் புரையைத் தேடுகிறவை, கண் காய்வதற்கு அங்கே நேரம் கிடைக்காது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதும் இதற்கு ஆகாது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65. இவ்வளவு தூரம் போக நியாயமான காரணங்கள் எனக்குத் தெரிந்து மூன்று: ஷோகிரன் சந்தேகம், மூன்று மாத சிகிச்சைக்கும் மறையாத கருவிழிப் புள்ளிகள், உள்ளூர் டாக்டரே அனுப்பி வைப்பது. வலி, ஒரு கண் மட்டும் சிவப்பது, பார்வை மங்குவது, வெளிச்சம் பார்க்கவே முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்றால் தூரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே பக்கத்தில் இருக்கிற கண் டாக்டரிடம் ஓடுங்கள். கிரானைட் பட்டறைக்காரர்கள் "தூசிதான், போயிடும்" என்று நாலு நாள் விடுவது வழக்கம். கண்ணில் துகள் குத்தி நிற்பதும் காய்ந்த கண்ணும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி உறுத்தும்.

பரிசோதனைக்குப் போகிற அன்று காலையிலிருந்து டிராப்ஸ் போடாமல் போங்கள், இல்லாவிட்டால் நாங்கள் அளப்பது உங்கள் கண்ணீரை இல்லை, பாட்டிலில் இருந்ததை. கண் அழுத்தத்துக்கான மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம். மையும் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்து வாருங்கள். திறந்து ஒரு மாதம் தாண்டிய சொட்டு பாட்டில் எது இருந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். லேபிளைக் காட்ட வேண்டுமென்றால் போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்.